முகம் அளவுக்கு ஒரு திரை

என் நாத்தனாருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. இதைச் சொன்ன உடனே "அடடா, பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. அவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போகும்போது யார் பாவம் என்று தெரிந்துவிடும்.

நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். சைகையில் பேசுகிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? என் பெயர், எதையோ கடித்துவிட்டு வாயை விசிறிக்கொள்வது. மிளகாய்! ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுடைய அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு வளைவு. அப்போது அவருக்குத் தொப்பையே கிடையாது. வரப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டாள் பாருங்கள்.

நான் சைகை கற்றுக்கொண்டது அவளிடம்தான். கூடப் பிறந்து வளர்ந்த அண்ணனுக்கு இன்றைக்கும் "சாப்பிட்டியா", "கதவைப் பூட்டு", "எப்ப வருவே" இந்த அளவுக்குத்தான் வரும். எனக்கு அக்கம்பக்கத்து வம்பு முழுக்கப் பேச வரும். வம்பு பேச எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவளுக்கும் வேண்டியிருந்தது. பிறகென்ன?

ஆரம்பத்தில் சைகை என்றால் கை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் கை, மீதி முகம். 'வருவது' என்பதற்குக் கை ஒன்றுதான். புருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டினால் 'வரட்டுமா?' முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு காட்டினால் 'வருகிறேன்'. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காட்டினால் 'வந்து தொலைக்க வேண்டியிருக்கிறது'. நான் பல நாள் தெரியாமல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அவளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சாப்பிட்டிருக்கிறாள். பிறகு ஒரு நாள் இரண்டு விரலால் என் புருவங்களைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு, "இப்ப கூப்பிடுங்க" என்றாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சைகையில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. விரலை நீட்டினால் முடிந்தது. அவள் என்னை அண்ணி என்றும் நீங்க என்றும் சொல்வதாக எழுதும் மரியாதையெல்லாம் நானே போட்டுக்கொள்வது. கை நீட்டும் தோரணையைப் பார்த்தால் 'நீ' என்றுதான் தோன்றும்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். கட்டடத்தின் பின்பக்கம், கீழ்த்தளம். ஒருமுறை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆள் உயரத்துக்குத் துவைக்கிற இயந்திரங்கள் வரிசையாக நின்று குலுங்குகின்றன, வெந்நீர் ஆவி, மருந்து வாடை, காது ஜவ்வு கிழிகிற சத்தம். மற்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் நின்ற என்னிடம் நிம்மதியாக, "குழம்புல உப்பு போட்டீங்களா, நேத்து மாதிரிதானா?" என்று கேட்டாள். நல்லவேளை, அங்கே வேறு யாருக்கும் சைகை தெரியாது.

கட்டில் விரிப்புகளை மடிப்பதுதான் அவள் வேலை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மடிக்கும்போது இரண்டு கையும் துணியில் மாட்டிக்கொண்டிருக்கும், அவளால் பேச முடியாது. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவளிடம் ஒரு நாள் பேச்சு முழுவதும் மிச்சம் இருக்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். நான் கறிகாய் நறுக்குவேன், அவள் பேசுவாள். அவளைப் பார்த்துக்கொண்டே நறுக்கி நறுக்கி என் விரலில் எத்தனை வெட்டு! அடுப்பில் பால் இருப்பது எனக்கு நினைவே இருக்காது. அது பொங்கி வரும்போது என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, "பால்!" என்று காட்டுவதும் அவள்தான். கேட்கும் காது இரண்டு எனக்கு இருந்து என்ன பிரயோஜனம்?

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. வந்தவர்கள் எல்லோரும் ஏதோ தியாகம் செய்கிற தோரணையில் வந்தார்கள். அவள் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் என்னிடம், "தியாகி கிளம்பியாச்சா?" என்று கேட்பாள். அப்படியே நாற்பதைத் தாண்டிவிட்டாள். மாமனாரும் மாமியாரும் காலமானார்கள். நானும் அவளும் இப்படியே கிழவிகளாகி, அப்போதும் உப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் பெயின்டர் வந்தார்.

அவருக்கும் காது கேட்காது. வேறு ஊர்க்காரர். பஸ், வேன் இவற்றின் உடம்புக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. ஆஸ்பத்திரி வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கக் கூட்டிவந்திருந்தார்கள். சலவைக் கூடத்து ஜன்னலுக்கு வெளியேதான் வண்டிகள் நிற்கும். ஒரு வேனின் கதவில் இருந்த நசுங்கலைப் பார்த்து அவர் தனியாக நின்று சைகையில் திட்டிக்கொண்டிருந்தாராம். நசுக்கினவனையும், அவன் வண்டி ஓட்டக் கற்ற லட்சணத்தையும், லைசென்ஸ் கொடுத்த ஆளையும். உலகத்தில் யாருக்கும் புரியாது என்கிற தைரியம்! ஜன்னலுக்குள் ஒருத்தி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்ததும் மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

வர்ணம் அடிக்கிற வேலை முடிந்து அவர் ஊருக்குப் போன பிறகு பேச்சு எங்கள் சமையலறைக்கு இடம் மாறியது. இங்கேதான் ஒரு டேப்லெட் கதைக்குள் வருகிறது.

என் வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் எல்லோரும் டேப்லெட்டுக்குத்தான் மாறப்போகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மொத்தமாக வாங்கி அடுக்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அதிலிருந்து அந்தப் பெயரை எடுத்தாலே அவருக்கு ஜன்னி வந்துவிடும்.

"அது ஒரு ரெண்டுங்கெட்டான்" என்பார். "போன் பெருசாகிட்டே வருது, லேப்டாப் மெலிஞ்சுகிட்டே வருது. நடுவுல இதுக்கு எங்க இடம்? சட்டைப்பையிலயும் போகாது, ஆபீஸ் வேலைக்கும் ஆகாது. இன்னும் கொஞ்ச நாள்ல பாரு, இருந்த இடம் தெரியாம போயிடும்."

"நீங்ககூடத்தான் ஆபீஸ் வேலைக்கு ஆகல. வச்சுக்கிட்டு இல்லையா நான்?" என்பேன்.

விற்காமல் தங்கிப்போனவற்றில் ஒன்றை நாத்தனார் எடுத்து வந்து, சமையலறை அலமாரித் தட்டில் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து நிமிர்த்தி வைத்தாள். அவ்வளவுதான், பெயின்டர் எங்கள் சமையலறைக்குக் குடிவந்துவிட்டார். தினமும் சாயங்காலம் அந்தத் தட்டில் அவர் முகம் வரும். தலையிலிருந்து இடுப்புவரை முழுசாகத் தெரிவார். காது மடலில் எப்போதும் ஒரு சொட்டு வர்ணம் இருக்கும். ஒரு நாள் நீலம், ஒரு நாள் மஞ்சள். அதனால் நாத்தனார் அவருக்கு வைத்த பெயர் காது மடலைக் கிள்ளுவது. காது கேட்காத மனிதருக்குக் காது என்று பெயர் வைத்த புண்ணியவதி!

நாலு அடி தள்ளி நின்று இரண்டு கையையும் வீசிப் பேசுவாள். அந்தப் பக்கம் அவரும் பெயின்ட் டின் மேல் அதே மாதிரி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் நடுவே புகுந்து கறிவேப்பிலையை எடுத்தால் அவர் அங்கிருந்து, "மறைக்குது" என்று கையை ஆட்டுவார். என் சமையலறையில் நான் மறைக்கிறேனாம்!

அவர்களுக்குள் அது எப்போது பழக்கத்திலிருந்து மற்றதாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் அவள் வேலைவிட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். சமையலறைக்கு யாராவது முகம் கழுவிக்கொண்டு வருவார்களா? எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு நாள் டேப்லெட்டின் திரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி உப்பிப்போச்சு. அடுப்புப் பக்கத்துல இதை வைக்கறது ஆபத்து" என்று கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அதைத் தப்புச் சொல்ல முடியாது. பழைய மாடல், அதற்கு பேட்டரியும் கிடைக்கவில்லை. தங்கிப்போன மற்றவற்றையெல்லாம் எப்போதோ வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். தங்கைக்கு என்று கடையிலேயே நல்லதாக ஒரு புது போனைக் கொண்டுவந்து கொடுத்தார். பெருமை பிடிபடவில்லை மனிதருக்கு.

"இதுல இல்லாதது எதுல இருக்கு? படம் கண்ணாடி மாதிரி தெரியும். இனிமே அந்த ரெண்டுங்கெட்டானுக்கு இந்த வீட்டுல வேலை இல்ல."

போன் நல்ல போன்தான். ஆனால் கையில் பிடித்தால் ஒரு கை போய்விடுகிறது, பேச்சு பாதியாகிவிடுகிறது. சர்க்கரை டப்பாவில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றால், அவர் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆகிவிடுகிறது. கிட்டே வைத்துப் பார்க்கலாம் என்றால் அவளுக்கு வெள்ளெழுத்து வந்த வயது, எல்லாம் மங்கல். கண்ணாடி போட்டுக்கொள் என்றேன். போட்டுப் பார்த்தாள். கண்ணாடியின் தடித்த விளிம்பு சரியாகப் புருவத்தின் மேல் உட்கார்ந்தது. "பாதி வார்த்தையை மூடிட்டு எப்படிப் பேசறது?" என்று கழற்றி வைத்துவிட்டாள். கடையிலிருந்து ஒரு லேப்டாப்பும் வந்தது. அதில் பக்கவாட்டில் சுவரெல்லாம் தெரிந்தது, கை இருக்கும் இடம் மட்டும் தெரியவில்லை. கைகள் தெரிய வேண்டும் என்று பின்னால் போனால் அடுப்பு. மேடையில் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் அதை வைக்கவும் பயம். இரண்டு நாளில் அது கடைக்கே திரும்பிப் போனது.

ஆக, போனிலேயே பேச்சு நடந்தது. அந்த வாரம்தான் பெயின்டர் கேட்டார்: "என் அக்காவைக் கூட்டிக்கிட்டு உங்க அண்ணன்கிட்ட பேச வரட்டுமா?"

அவள் வரச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு ஓடி வந்து மாவுக் கையோடு இருந்த என்னைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் உடம்பெல்லாம் மாவாகி நின்றதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "என்ன, யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கே அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

அவர்கள் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. பெயின்டரின் பேச்சும் சுருங்கிக்கொண்டே போனது. வேலை அதிகம், களைப்பாக இருக்கிறது, அப்புறம் பேசலாம். நாத்தனார் வாயே திறக்கவில்லை. இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் வேறு எப்படிச் சொல்வது? வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். விரல் வெட்டிக்கொள்ளாமல் நான் கறிகாய் நறுக்கிய நாட்கள் அவைதான். எனக்குத் தாங்கவே முடியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் பெயின்டர் தன்னைத்தானே வீடியோ எடுத்து அனுப்பினார். அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கைகளை மார்போடு ஒட்டிச் சின்னதாக வைத்துக்கொண்டு பேசியிருந்தார். "எனக்குக் கோபம் இல்ல. நான் வரட்டுமான்னு கேட்டதுலேர்ந்து உன் நெத்தியைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். வாய்விட்டுச் சொல்ல சங்கடப்பட்டு சரின்னு சொல்லிட்டே, புரியுது. கட்டாயப்படுத்தி என்ன சந்தோஷம்? நாளைக்கு சாயங்காலம் கடைசியா ஒரு தடவை கூப்பிடறேன். நல்லபடியா சொல்லிக்கிட்டுப் போயிடலாம்."

"என் நெத்தியில என்ன?" என்று என்னைக் கேட்டாள்.  எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, முடியை ஒதுக்கிவிட்டு நெற்றியைத் தடவித் தடவிப் பார்த்தாள். மச்சமா, தழும்பா, சலவை மருந்து பட்ட சிவப்பா? ஒன்றும் இல்லை. வழுவழுவென்று இருந்தது. ஒரு பச்சைக் குழந்தை மாதிரி அவள் அங்கே நின்று தன் நெற்றியில் குற்றம் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயின்டர் கையில் கிடைத்திருந்தால் அவர் டின்னாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் போனை எடுத்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கண்ணை இடுக்கினாள். அவ்வளவுதான், இரண்டு புருவமும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. நெற்றியில் மேலிருந்து கீழாக வெட்டின மாதிரி இரண்டு கோடு. உலகத்திலேயே பிடிக்காத ஒன்றைப் பார்க்கிற முகம்.

ஐயோ, என் கடவுளே!

இந்த முகத்தோடுதான் அவருடைய ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். 'வரட்டுமா?' என்று அவர் புருவம் தூக்கிக் கேட்டபோது, இந்த நெற்றியோடு 'வா' என்று ஒற்றைக் கையைக் காட்டியிருக்கிறாள். வந்து தொலை! வேறு எப்படிப் புரிந்துகொள்வார் அந்த மனிதர்? காது கேட்கிறவராக இருந்தால் அந்த நெற்றியைக் கவனித்தே இருக்கமாட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் என் கை எழவில்லை. சொல்லாவிட்டால் நாளையோடு முடிந்துவிடும். கொஞ்ச நாள் அழுவாள், பிறகு தேறிவிடுவாள். செருப்பைக் கழற்றும் முன்னால் பேசத் தொடங்குவாள், நான் விரலை வெட்டிக்கொள்வேன், எல்லாம் முன்பு போல. அந்த ஒரு நிமிடம் எனக்கு அப்படி ஆசையாக இருந்தது. பிறகு அவள் மறுபடியும் கண்ணாடிப் பக்கம் போவதற்கு எழுந்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாய்ந்து போய் இரண்டு விரலால் அந்த இரண்டு புருவத்தையும் பிடித்து மேலே தூக்கினேன்.

"இதுதான்டி! இதுதான் உன் நெத்தியில!"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உடனே அவருக்கு வீடியோ எடுத்து அனுப்ப உட்கார்ந்தாள். எடுத்ததைப் பார்த்தால் அதிலும் அதே நெற்றி. மறுபடி எடுத்தாள். புருவத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பேசியதில் பேயைக் கண்டவள் மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள். எழுதியாவது அனுப்பு என்றதற்கு, எழுத்துக்கு ஏது முகம் என்று கையை உதறினாள். "முகம் ஒண்ணு சொல்லி கை ஒண்ணு சொன்னா, நான்கூட முகத்தைத்தான் நம்புவேன், அண்ணி" என்றாள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாகப் போய் நின்றேன்.

"எனக்கு ஒரு டேப்லெட் வேணும். இப்பவே."

"நம்ம கடையிலதான் அது வைக்கறதே இல்லையே."

"எதிர்க்கடையில இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்குது. வரும்போதே பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எதிர்க்கடைக்காரர் இவரைவிடப் பெரிய போர்டு மாட்டிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "அங்க போய் நான் நிக்கறதா? வேற எங்கயாவது பார்க்கலாம், ரெண்டு நாள் பொறு" என்றார்.

"ரெண்டு நாளா? உங்க தங்கச்சி வாழ்க்கை இன்னிக்கு சாயங்காலம் முடிஞ்சுபோகப் போகுது, நீங்க போர்டைப் பார்த்துக்கிட்டு இருங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். வாடிக்கையாளர் ஒருவர் ஒலிபெருக்கியை வாங்காமலேயே போய்விட்டார். நான் இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தவர், நெற்றி விஷயத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த போனை நான்தானே குடுத்தேன்" என்றார்.

பிறகு எழுந்தார். தெருவைக் கடந்தார். எதிர்க்கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "வாங்க வாங்க! உங்க கடையில இல்லாத சாமானா?" என்று வரவேற்றது எங்கள் கடைவரைக்கும் கேட்டது. இவர் தலை நிமிரவில்லை. ஆனால் பெட்டியோடுதான் திரும்பி வந்தார்.

"யாருய்யா இதையெல்லாம் வாங்கறாங்கன்னு கேட்டேன்" என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "பாட்டு டீச்சர் ஒருத்தங்க வாங்கினாங்களாம். படம் வரையற பொண்ணு ஒண்ணு. படுத்த படுக்கையா இருக்கற ஒருத்தருக்கு அவர் மகன். கூட்டமா வரமாட்டாங்களாம், ஆனா வர்றவங்க இதுதான் வேணும்னு வந்து நிப்பாங்களாம். நான் மொத்தமா வாங்கினது தப்பு. ஒண்ணு ரெண்டு வச்சிருக்கணும்."

சாயங்காலம் சர்க்கரை டப்பாவின் மேல் அது சாய்ந்து நின்றது. நாத்தனார் முகம் கழுவிக்கொண்டு வந்து நாலு அடி தள்ளி நின்றாள்.  என் வீட்டுக்காரர் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டார், தொப்பை மட்டும் ஒளியவில்லை.

பெயின்டர் வந்தார். காதில் வர்ணம் இல்லை. சுத்தமாகத் துடைத்துக்கொண்டு விடைபெற வந்திருந்தார். அவர் கையைத் தூக்குவதற்கு முன்னால் இவள் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையாலும், இத்தனை நாள் தேக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து. கண் தெரியாதது, போன் சின்னது, நெற்றி, முகம் பார்க்கும் கண்ணாடி, அண்ணி புருவத்தைப் பிடித்து இழுத்தது. அவர் முதலில் அசையாமல் பார்த்தார். பிறகு திரைக்குக் கிட்டத்தில் வந்து அவள் நெற்றியையே உற்றுப் பார்த்தார். அவருடைய மூக்கு மட்டும் எங்கள் சமையலறை அளவுக்குத் தெரிந்தது.

பின்னால் சாய்ந்து உட்கார்ந்து மறுபடியும் கேட்டார். புருவத்தை நன்றாகத் தூக்கி: "வரட்டுமா?"

என் நாத்தனார் இருக்கிறாளே, அவள் என்ன செய்தாள் தெரியுமா? வேண்டுமென்றே நெற்றியை ஒரு சுருக்குச் சுருக்கினாள். அந்த மனிதர் முகம் தொங்கிப்போனது. "அடிப்பாவி!" என்று நான் கத்தியே விட்டேன். பிறகு அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. அவ்வளவு விரிந்த முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. "வா" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் கையைக் கீழ வை. சும்மா பார்க்கறேன்" என்றார். அவள் கையைக் கீழே வைத்தாள். அவரும் வைத்தார். இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அவர் முகம் ஒரு மனித முகம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது.

"படம் நின்னுடுச்சா?" என்று என் வீட்டுக்காரர் குளிர்ப்பெட்டி அருகிலிருந்து கேட்டார்.

"சும்மா இருங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெயின்டரும் அவர் அக்காவும் வந்தார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் ஒருவருக்கொருவர் "சாப்பிட்டியா" என்று நாலு தடவை கேட்டுக்கொண்டார்கள். இவருக்கு வேறு என்ன தெரியும்? கல்யாணம் எளிமையாக நடந்தது. அவள் வேலையையும் அந்த ஊர் ஆஸ்பத்திரிச் சலவைக்கு மாற்றிக்கொண்டாள். கிளம்புகிற அன்றைக்கு எனக்கு அழக்கூட நேரமில்லை. பெட்டி கட்டுவதும், கட்டின பெட்டியைத் திறந்து மறந்ததைத் திணிப்பதுமாக இருந்தேன். வண்டியில் ஏறியவள் கண்ணாடி வழியே மிளகாயைக் கடித்து வாயை விசிறினாள். வண்டி போய்விட்டது.

சமையலறைக்கு வந்தால், தட்டில் டேப்லெட் நிற்கிறது. மறந்துவிட்டாளே பாவி என்று எடுத்தேன். அதன் மேல் என் பெயரைப் படமாக வரைந்து ஒட்டியிருந்தாள், ஒரு மிளகாய். அவர் வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே. இது எனக்கு.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலைவிட்டு வருகிற நேரத்துக்கு அடுப்பில் பாலை வைத்தேன். கறிகாயை எடுத்து வைத்துக்கொண்டேன். அழைப்பு வந்தது. திரை முழுக்க அவள். பின்னால் புது வீட்டுச் சுவர், கழுவாத தூரிகைகள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அண்ணி, ஏன் நெத்தி சுருங்கியிருக்கு?"

"திரை சின்னதா இருக்கு. சரியா தெரியல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். திடீரென்று என் தோளுக்கு மேலே விரலை நீட்டி, "பால்!" என்றாள். திரும்பி ஓடி அடுப்பை அணைத்தேன். மேடையெல்லாம் வழிந்துவிட்டது. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றால், அங்கே அவள் நெற்றியும் சுருங்கியிருந்தது.

"உனக்கு என்னடி?" என்று கேட்டேன்.

"இங்கயும் திரை சின்னதுதான், அண்ணி" என்றாள்.